வெண்பனி விழாத குளிர்காலத்தை மகிழ்ச்சியாகக் கழிப்பது எப்படி?

வெண்நாரை எழுதியது:

வணக்கம். இந்த ஆண்டும் எங்கள் பகுதியில் வெண்பனி விழவில்லை. வானம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. எங்கும் சேறு. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பனிமனிதன் செய்யலாம், சறுக்கி விளையாடலாம் என்று காத்திருந்த என் பிள்ளைகள் இருவரும் வானிலை அறிக்கையைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துவிட்டார்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது, இளையவளுக்கு எட்டு.

வீட்டுக்குள் அடைந்து, திரையைப் பார்த்தபடியே மூன்று மாதங்களை ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. எங்காவது வெண்பனி இருக்கும் மலைக்குப் பயணம் போகவும் வசதியில்லை. இருக்கும் இடத்திலேயே இந்தக் காலத்தை நன்றாக வாழ வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு வாரத்தில் சலித்துப்போகும் பொழுதுபோக்காக இல்லாமல், குளிர்காலம் முழுவதும் கூட வரும்படியான எதையாவது சொல்லுங்கள்.

இரவோடி எழுதியது:

ஐந்து மணிக்கு இருட்டுவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். வானம் பார்ப்பவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இதற்காகத்தான். கோடையில் பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் நல்ல இருட்டே வரும். இப்போது அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே வானம் முழுவதும் திறந்துவிடுகிறது.

வெண்பனி இல்லாததும் நமக்கு நன்மையே. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தெருவிளக்கின் வெளிச்சம் அதில் பட்டு மேலே எழுந்து, ஊரை ஒட்டிய வானத்தை வெளிறச் செய்யும். வெறும் மண்ணும் புல்லும் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கின்றன. ஆகவே மேகம் விலகிய ஓர் இரவு கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். நீங்கள் இருப்பது வடகோளம் என்றால், இரவு எட்டு மணிவாக்கில் தென்கிழக்கைப் பாருங்கள். ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் மூன்று விண்மீன்கள் நிற்கும். அது ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தாமாக வரும். மூன்றுக்கும் மேலே இடப்புறத்தில் செம்மையாக எரிவது திருவாதிரை. 2019 இறுதியில் அது திடீரென்று மங்கத் தொடங்கியது. வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பலர் பேசினார்கள். அது தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. இடைக்கச்சையின் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான், 8.6 ஒளியாண்டுத் தொலைவு. உங்கள் இளைய மகள் பார்க்கும் ஒளி அவள் பிறந்த காலத்தை ஒட்டிப் புறப்பட்டது என்று அவளிடம் சொல்லுங்கள். அதே கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும். சாதாரண பைனாகுலரை எடுத்துவிட்டால் அங்கே ஒரு கூட்டமே நிற்கும்.

இடைக்கச்சைக்குக் கீழே மங்கலான சிறு வரிசை ஒன்று தொங்குகிறது. அதன் நடுவில் பைனாகுலரை நிறுத்துங்கள். பனிமூட்டம் போன்ற ஒரு திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம்.

ஜெமினிட் எரிகல் பொழிவையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சம் அடையும். பெரும்பாலான எரிகல் பொழிவுகளுக்கு நள்ளிரவுக்குப் பின் விழித்திருக்க வேண்டும். இதில் இரவு ஒன்பது, பத்து மணிக்கே நல்ல எண்ணிக்கை கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. பொதுவாக எரிகற்களின் தாய் ஒரு வால்மீனாக இருக்கும். இதன் தாயோ 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள்.

வெளியே போனதும் குறைந்தது இருபது நிமிடம் எந்த வெளிச்சத்தையும் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் தேவை. கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். டார்ச் தேவைப்பட்டால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளறை எழுதியது:

எனக்கு மூட்டுவலி உண்டு. குளிரில் நின்று வானம் பார்க்க முடியாது. வெளியே போக முடியாதவர்களுக்கும் இந்த இழையில் இடம் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீண்ட மாலைப் பொழுதுகளை ஒரே ஒரு பெரிய வேலைக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம். சிறு சிறு வேலைகளாகப் பிரித்தால் மாலை சிதறிவிடுகிறது. ஒரு குளிர்காலத்தில் வீட்டுப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்தேன். அவர்கள் படித்த பள்ளி, செய்த முதல் வேலை, வாழ்ந்த வீடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கோடையில் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமிருக்காது. இன்னொரு குளிர்காலத்தில் பெட்டியில் கிடந்த பழைய புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரும் ஆண்டும் எழுதினோம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். எட்டு வயதுக் குழந்தை கேட்கும் கேள்விகள் நமக்குத் தோன்றாது.

சத்தமாக வாசிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த நாவல் ஒன்றை எடுத்து, தினம் ஓர் அத்தியாயம், ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து வாசியுங்கள். பதினொரு வயதுப் பையன் முதலில் சிணுங்குவான். கதை சூடுபிடித்தால் அவனே விளக்கை அணைக்க விடமாட்டான்.

மொட்டு எழுதியது:

வெண்நாரை, உங்கள் தெருவில் இலையுதிர்க்கும் மரங்கள் இருக்குமே? குளிர்காலத்தில் மரம் உறங்குகிறது, பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மரங்களை அறிந்துகொள்ள இதைவிட நல்ல பருவம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். கோடையில் இலை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இப்போது கிளை பிரியும் விதம், பட்டையின் வெடிப்பு, மொட்டின் வடிவம் எல்லாம் வெளிப்படையாக நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுங்கள். முதலில் மொட்டுகள் எதிரெதிரே இணையாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதி மரங்களை ஒதுக்கிவிடும். ஆஷ் மரத்தின் மொட்டு கரி போலக் கறுத்திருக்கும். பீச் (beech) மரத்தின் மொட்டு மெலிந்து, நீண்டு, கூர்மையாக இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் மொட்டு பருத்து, பழுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டும். மொட்டுக்குக் கீழே சென்ற ஆண்டு இலை விழுந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அது குதிரை லாடத்தின் வடிவம். லாடத்தில் ஆணி அறைந்ததுபோல வளைவை ஒட்டிப் புள்ளிகள்கூட இருக்கும். இலைக்கு நீர் கொண்டுசென்ற குழாய்கள் அறுந்த இடங்கள் அவை. இதை நேரில் பார்த்த குழந்தை அந்த மரத்தை மறக்காது.

அடுத்த இலைகளை மரம் சென்ற கோடையிலேயே செய்து மொட்டுக்குள் மடித்து வைத்துவிட்டது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போர்சித்தியா, ஹேசல் போன்றவற்றின் கிளைத்துண்டுகளை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால், சில வாரங்களில் ஜன்னலோரம் பூத்துவிடும். டிசம்பர் தொடக்கத்திலேயே வெட்டினால் பலன் குறைவு. போதிய குளிரைக் கடக்காமல் மொட்டு விழிக்காது. ஹேசலில் மஞ்சளாகத் தொங்கும் ஆண் பூங்கொத்து எல்லார் கண்ணிலும் படும். பெண் பூ வேறு. மொட்டு நுனியில் எட்டிப் பார்க்கும் சிவந்த நூலிழைகள் மட்டும்தான், சில மில்லிமீட்டர் அளவு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் கண்தான் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் சுவர்களையும் மரப்பட்டைகளையும் பாருங்கள். பாசியும் லைக்கனும் ஈரத்தில் நிறம் பெற்று நிற்கும். வெண்பனி விழுந்திருந்தால் இதில் தரையோரத்தில் இருப்பதெல்லாம் மூடிப்போயிருக்கும்.

சறுக்குப்பாதை எழுதியது:

எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

நான் பனிச்சறுக்கிலேயே வளர்ந்தவன். நடக்கக் கற்றதற்கு அடுத்து அதைத்தான் கற்றேன். எங்கள் காட்டுப்பாதையில் டிசம்பர் முதல் மார்ச் வரை தடம் போட்டிருப்பார்கள். இப்போது அங்கே சேறுதான். வெண்பனி இல்லாத குளிர்காலத்தை எப்படி ரசிப்பது என்ற கேள்வியே என்னை வருத்துகிறது. பூமி சூடாகி நம் கையைவிட்டுப் போகும் ஒன்றுக்கு நாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ள வேண்டும்? இழந்ததை இழந்தது என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டும்.

வெண்நாரை எழுதியது:

சறுக்குப்பாதை அண்ணா, மன்னிப்பு எதற்கு? நீங்கள் எழுதியதைப் படித்து என் மனமும் கனத்தது. வருத்தமே கூடாது என்ற எண்ணத்தில் நான் கேட்கவில்லை. இந்த ஆண்டு எட்டு வயதாக இருக்கும் குழந்தைக்கு இந்தக் குளிர்காலம்தான் கிடைத்திருக்கிறது. அதை அவளுக்கு வெறுமையாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

தடாகம் எழுதியது:

சறுக்குப்பாதை அவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் பகுதியில் வெண்பனி விழாவிட்டாலும் உறைகுளிர் வருகிறதா? வந்தால் நீங்கள் ஏரிக்கு வாருங்கள்.

இயற்கை ஏரிகளில் ஸ்கேட்டிங் செய்பவர்கள் வெண்பனி விழக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள். பனிக்கட்டியின் மேல் வெண்பனி படிந்தால் அது கம்பளியைப் போர்த்தியதுபோல ஆகிவிடும். கீழே உள்ள கட்டி மேற்கொண்டு தடிமனாக வளராது, மேற்பரப்பும் கெட்டுவிடும். வறண்ட குளிரில், காற்றில்லாத இரவுகளில் உருவாகும் கட்டி கண்ணாடியாக இருக்கும். கீழே தண்ணீரின் கருமை தெரியும். அதன்மேல் நீண்ட அலகு கொண்ட சறுக்குக் காலணியுடன் போகும்போது கட்டி பாடும். அந்த ஓசையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் பதினொரு நகரங்களை இணைத்து உறைந்த கால்வாய்களில் சுமார் 200 கிலோமீட்டர் சறுக்கும் ஓட்டம் ஒன்று உண்டு. பெயர் எல்ஃப்ஸ்டெடென்டோக்ட். பாதை முழுவதும் கட்டி 15 செ.மீ. தடிமன் இருந்தால்தான் நடத்துவார்கள். 1909இல் தொடங்கியதிலிருந்து 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. அன்றிலிருந்து அந்த மக்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காத்திருக்கிறார்கள். உங்கள் வருத்தத்தை அவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விடமாட்டேன். நடக்கவோ சறுக்கவோ குறைந்தது 10 செ.மீ. தெளிந்த கட்டி வேண்டும். வெள்ளையாக நுரைத்த கட்டிக்கு அந்த வலு இல்லை, அதற்கு இருமடங்கு தேவை. ஓடை கலக்கும் இடத்தையும் பாலத்தின் அடியையும் நம்பக்கூடாது. தனியாகப் போகக்கூடாது. கழுத்தில் பனிக்குத்தி தொங்கவேண்டும். உள்ளே விழுந்தவர் வழுக்கும் விளிம்பைப் பற்றி ஏற அது ஒன்றுதான் துணை. அந்த ஏரியை நன்கு அறிந்தவர் ஒருவர் உடன் இல்லையென்றால் கரையோடு நின்றுவிடுங்கள்.

சிறகன் எழுதியது:

பறவைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! இலை உதிர்ந்த மரத்தில் பறவை மறைய முடியாது. கோடையில் குரல் மட்டும் கேட்டு ஏமாந்தவர்களுக்கு இப்போது முழு உருவமும் தெரியும். பழைய கூடுகளும் தெரியும். தெருவில் நீங்கள் தினமும் கடந்துபோன மரத்தில் இத்தனை குடும்பங்கள் இருந்தனவா என்று வியப்பீர்கள்.

மாலையில் ஸ்டார்லிங் பறவைகள் அடையும் இடம் அருகில் இருந்தால் ஒருமுறை போய் நில்லுங்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து வானத்தில் சுருண்டு, விரிந்து, திடீரென்று திரும்பும். தலைவன் என்று எவரும் இல்லை. ரோம் நகரின் மேல் பறந்த கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பறவையும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறு, ஏழு பறவைகளை மட்டுமே கவனிக்கிறது என்று கண்டார்கள். அந்தச் சிறு கவனம்தான் கூட்டம் முழுவதையும் திருப்புகிறது.

வீட்டருகே தீனி வைக்கலாம். சூரியகாந்தி விதை பெரும்பாலான சிறு பறவைகளுக்குப் பிடிக்கும். குளிர்கால இரவில் உடலைச் சூடாக வைத்திருக்கவே அவை தங்கள் எடையில் கணிசமான பங்கை எரித்துவிடுகின்றன. ஆகவே விடிந்தவுடனும் இருட்டுவதற்குச் சற்று முன்பும் தீனித் தட்டில் கூட்டம் அதிகம் இருக்கும். தட்டை அடிக்கடி கழுவிக் காயவையுங்கள். அழுக்குத் தட்டு நோயைப் பரப்பும், அதற்கு வைக்காமலே இருக்கலாம். உறையாத தண்ணீர் ஒரு கிண்ணம் வைத்தால் அதற்கும் பறவைகள் வரும்.

எண்ணிக்கை எடுப்பதிலும் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், அந்நாளில் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று அழைத்தார். 27 பேர் வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. பிப்ரவரியில் கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட் என்ற இன்னொரு பறவைக் கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும். 1998இல் தொடங்கி, 2013 முதல் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து எண்ணி அனுப்பினால் போதும்.

ஈரமண் எழுதியது:

தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வெண்பனி செடிகளுக்கு ஒரு போர்வை. அது இல்லாத ஆண்டில் வெளிக்காற்று அதே குளிர்தான் என்றாலும் மண் இன்னும் ஆழமாக உறையும். பகலில் உருகி இரவில் உறைந்து, உருகி உறைந்து, சிறு செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். ஆகவே உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காதீர்கள். ஐந்து முதல் பத்து செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்று விலக்கிப் போடுங்கள். மேலே வந்துவிட்ட செடியை விரலால் மெல்ல அழுத்தி உள்ளே விடுங்கள். வறண்ட குளிர்காலமாக இருந்தால், மண் உறையாத நாள் பார்த்து, இலையுதிர்க்காத செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டும்.

ஆப்பிள், பேரி மரங்களுக்குக் கவாத்து செய்ய இதுவே காலம். செர்ரி, பிளம் மரங்களில் இப்போது கத்தியை வைக்காதீர்கள். வெட்டுக்காயத்தின் வழியே வெள்ளியிலை நோய் புகுந்துவிடும். அவற்றைக் கோடையில் வெட்டலாம்.

காரட் இன்னும் மண்ணில் இருந்தால் இரண்டு மூன்று உறைபனி கடந்து பிடுங்கிப் பாருங்கள். குளிரைத் தாங்க அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். பிள்ளைகள் கழுவி அப்படியே கடிப்பார்கள்.

காலைவெயில் எழுதியது:

நான் சொல்வது உடல்நலம் சார்ந்தது. மேலே ஒருவர், வெண்பனி ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று எழுதினார். அதன் மறுபக்கமும் உண்டு. வெண்பனி இல்லாத குளிர்காலப் பகல் உண்மையிலேயே இருண்டது. சிலருக்கு அது மனத்தைத் தாழ்த்திவிடுகிறது. பருவம் சார்ந்த இந்த மனச்சோர்வை நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் மருத்துவ இதழில் விவரித்தார்கள். அது சோம்பல் அல்ல.

வீட்டுக்குள் நமக்குக் கிடைக்கும் ஒளி 100 முதல் 500 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) வரை. மேகம் மூடிய குளிர்கால நண்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணுக்கு வெளியிலும் சாம்பலாகத் தெரிவதால் நாம் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. பகல் உணவு இடைவேளையில் அரைமணி நேரம் நடங்கள், மேகத்தைப் பார்த்து ஒத்திப்போடாதீர்கள். சிகிச்சைக்கான ஒளிவிளக்குகள் 10,000 லக்ஸ் கொடுக்கும், காலையில் அரைமணி நேரம் அதன்முன் அமர்வது வழக்கம். கண்நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மற்றவர்களும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று எனக்கு ஒவ்வோர் ஆண்டும் தெம்பு தருவது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் நடு அட்சரேகைகளில் மாலைச் சூரியன் அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பின்வாங்குவதை நிறுத்திவிடுகிறது. டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் மாலை நீளத் தொடங்கிவிடும். காலை விடியல்தான் ஜனவரி முதல் வாரம்வரை தாமதமாகிக்கொண்டே போகும்.

தெற்குக்காற்று எழுதியது:

காலைவெயில் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும். அப்போது வேகமாக ஓடுவதால் வடகோளத்துக் குளிர்காலம் 89 நாளில் முடிந்துவிடுகிறது. எங்கள் தென்கோளத்தில் ஜூனில் தொடங்கும் குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 94 நாள். எங்களில் பெரும்பாலானோர் வெண்பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அதற்காக நாங்கள் ஏங்கவில்லை. எங்கள் குளிர்கால இரவில் பால்வீதியின் மையம் தலைக்கு மேலே நிற்கிறது. கேட்டையின் செம்மையைத் தொடர்ந்து விருச்சிகத்தின் வால் முழுவதும் தெரியும். ஆல்ஃபா சென்டாரி வெறும் 4.4 ஒளியாண்டு. ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து வெறும் கண்ணுக்கே மங்கிய ஒரு புள்ளியாகத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் உருண்டையாகத் தெரியும். வடக்கே இருப்பவர்கள் இதற்காகப் பயணம் வருகிறார்கள்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். கணவாய் ஓடு, திருக்கை முட்டையின் கறுத்த தோற்பை, கடல் உருட்டிய கண்ணாடித் துண்டு என்று கோடையில் காணாதது கிடைக்கும். ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரவோடி எழுதியது:

பகலிலும் வானத்தை விடவேண்டாம். மெல்லிய வெண்மேகம் பரவிய நாளில் சூரியனை ஒரு மரத்தாலோ சுவராலோ மறைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உள்ள அகலம், அதாவது சுமார் 22 பாகை தள்ளி, ஒரு வளையம் இருக்கலாம். மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் அறுகோணப் பனிப்படிகங்கள் மிதக்கின்றன, அவற்றின் வழியே ஒளி வளைந்து வருகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் நிற்பதும் உண்டு. தரையில் வெண்பனி இல்லாத நாளிலும் மேலே அது இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

வெண்நாரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரங்களில் வீடு மாறிவிட்டது.

பூங்காவில் மொட்டு சொன்ன ஹார்ஸ் செஸ்ட்நட் இருக்கிறது. மகள் கிளையை வளைத்துப் பிடிக்க, அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்தான். லாடத்தில் ஏழு ஆணிகள் இருந்தன. அடுத்த கிளையில் ஐந்துதான். ஏன் இந்த வேறுபாடு என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. யாராவது சொல்லுங்கள். ஒட்டும் பிசின் அவள் கையுறையிலிருந்து இன்னும் போகவில்லை.

வானம் ஒரே ஓர் இரவு திறந்தது. கார்த்திகைக் கூட்டத்தைப் பைனாகுலரில் பார்த்த பையன் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது அது. சொந்தமாக வாங்குவதென்றால் எந்த அளவு நல்லது?

மொட்டு எழுதியது:

ஹார்ஸ் செஸ்ட்நட்டின் இலை, கை விரல்களைப் போலப் பிரிந்த கூட்டிலை. பெரும்பாலும் ஒவ்வொரு சிற்றிலைக்கும் ஒரு குழாய்க்கற்றை என்று அமைந்திருக்கும். ஏழு ஆணி இருந்த இடத்தில் ஏழு சிற்றிலைகளும், ஐந்து இருந்த இடத்தில் ஐந்தும் நின்றிருக்க வேண்டும். அந்தக் கிளைகளில் நூல் கட்டி வைத்து, புது இலை விரிந்ததும் அவற்றிலும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவோடி எழுதியது:

பிள்ளைகளுக்கு 7×50 பைனாகுலர் நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 10×50 அதிகம் பெருக்கும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும். எடை கூடுதல் என்றால் 8×42 எடுங்கள். சிறகன் சொன்ன பறவைகளுக்கும் அது பொருந்தும். தொலைநோக்கிக்கு அவசரமே இல்லை.

சறுக்குப்பாதை எழுதியது:

தடாகம் எழுதியதைப் படித்துவிட்டு விசாரித்தேன். எங்கள் பக்கத்து ஏரி சென்ற ஆண்டு உறையவே இல்லையாம். முன்பு எப்போது உறைந்தது, எப்போது உருகியது என்று ஊரில் எவரிடமும் எழுத்தில் இல்லை. எல்லாம் நினைவில்தான். அதுதான் எனக்கு மேலும் வலிக்கிறது.

மொட்டு எழுதியது:

அண்ணா, அதை நீங்கள் எழுதத் தொடங்கலாமே? ஜப்பானின் சுவா ஏரி உறைந்த நாளை அங்குள்ள ஷிண்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வந்திருக்கிறார்கள். பின்லாந்து, சுவீடன் எல்லையில் ஓடும் டோர்னே ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாளுக்கு 1693 முதல் பதிவு இருக்கிறது. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் 1736இல் முதல் பூ, முதல் தளிர், முதல் குயில் என்று குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. குளிர்காலம் எப்படி மாறிவருகிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது இவர்களைப் போன்றவர்களால்தான். இழந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றீர்கள். நாள்குறிப்பு அதற்கு நல்ல இடம்.

சறுக்குப்பாதை எழுதியது:

என்னென்ன குறிக்க வேண்டும்? நான் மரமும் பறவையும் அறியாதவன்.

மொட்டு எழுதியது:

உங்களுக்குத் தெரிந்ததையே குறியுங்கள். ஏரியின் ஓரம் முதலில் உறைந்த நாள், முழுவதும் மூடிய நாள், திறந்த நாள், உறையாவிட்டால் உறையவில்லை என்று. வெண்பனி தரையில் நின்ற நாள்கள். முதல் உறைபனி, கடைசி உறைபனி. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும், நேரமும் ஒன்றாக இருந்தால் நல்லது. அதே இடத்திலிருந்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள். மரத்துக்கு ஹேசல் ஒன்று போதும், பூங்கொத்து மஞ்சள் தூளை உதிர்க்கும் முதல் நாளை எழுதுங்கள். அது ஜனவரியிலேயே வரலாம், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

வெண்நாரை எழுதியது:

அண்ணா, எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குகிறோம். மாதக் கடைசியில் இங்கேயே பதிவிடுகிறோம், நீங்களும் பதிவிடுங்கள். மகள் முதல் பக்கத்தில் நூல் கட்டிய இரண்டு கிளைகளையும் வரைந்து, ஆணிகளின் எண்ணிக்கையை எழுதிவிட்டாள்.